நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்

"சார், உங்க ஊர்ல தினமும் நாற்பத்து மூணு பேர் காணாமப் போறாங்க" என்றாள் ஷெரின்.

செவ்வூரணி ஊராட்சி அலுவலகத்தின் பின்னறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த குணசீலனுக்குப் புரையேறிவிட்டது. தெருவுக்கு அடியில் புதைத்த கண்ணாடிக் கம்பி கேட்கும் காலடிகளைச் சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனிப்பவள் ஷெரின். முகம் பார்த்ததில்லை, ஏழு மாதமாகக் குரல்தான் பழக்கம்.

"காணாமப் போறாங்கன்னா?"

"காலனிப் பக்கமிருந்து நடந்து வர்றாங்க. நானூத்திப் பன்னெண்டாவது மீட்டர் வரைக்கும் ஒவ்வொருத்தரும் பேரோட தெரியிறாங்க. அடுத்த அடியில ஆளே இல்ல. அதே இடத்துல, பதிவுலயே இல்லாத நாற்பத்து மூணு புது ஆளுங்க முளைச்சு மேலத்தெருவுக்குள்ள போறாங்க. தெரு முடியிற எழுநூத்தி அறுபதாவது மீட்டர்ல இந்தப் புது ஆளுங்க மறைஞ்சிடுறாங்க, பழைய நாற்பத்து மூணு பேரும் திரும்ப வந்துடுறாங்க. என்ன சார் கண்கட்டு வித்தையா இருக்கு?"

வித்தையுமில்லை, வெங்காயமுமில்லை. அந்த இடத்தில் என்ன இருக்கிறதென்று குணசீலனுக்கு நன்றாகத் தெரியும். ஓர் அடிகுழாய் இருக்கிறது. காலனி முடிந்து மேலத்தெரு தொடங்கும் இடம் அது. காலனிக்காரர்கள் அங்கே வந்ததும் குனிந்து செருப்பைக் கழற்றுவார்கள். கையிலோ பைக்குள்ளோ வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு மேலத்தெருவைக் கடப்பார்கள். கடந்தபின் போட்டுக்கொள்வார்கள். சுற்றிப் போகலாமென்றால் இரண்டு கிலோமீட்டர் கருவேலங்காடு.

யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்வதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மேலத்தெருவில் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லும். 'யாருப்பா சொன்னா? அவங்களா செய்யுறாங்க.' குணசீலனும் சொல்லியிருக்கிறான். அடிகுழாய்ப் பக்கம் போகும்போது வேறெங்காவது பார்த்துக்கொள்ளவும் பழகியிருந்தான். பட்டணத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவன், யார் கையிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பவன், நமக்கென்ன என்ற நினைப்பு.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். அது வந்து... அங்க ரோடு மாறுது. அதுவரைக்கும் மண் ரோடு, அப்புறம் சிமென்ட் ரோடு. அதனால காலடி வேற மாதிரிக் கேக்குது போல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

"சரி சார். ஆனா தினமும் நாற்பத்து மூணு தடவை 'அந்நிய ஆள் நடமாட்டம்'னு எச்சரிக்கை அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒண்ணு அவங்களத் திரும்பப் பதியணும், இல்லேன்னா அந்தத் தெருவுல பேர் தெரியாத வெறுங்காலடி எல்லாத்தையும் கால்நடைக் கணக்குல தள்ளணும். தள்ளிடவா?"

திரும்பப் பதிவதென்றால் காலனிக்குப் போய், 'எங்க தெருவில் நீங்கள் நடக்கிற மாதிரி நடந்து காட்டுங்கள்' என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

"தள்ளிடுங்க" என்றான் குணசீலன்.

---

இந்தக் கண்ணாடிக் கம்பி ஊருக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். அறுநூறு வீடுள்ள ஊருக்கு ஃபைபர் போட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பிள்ளைகள் பரீட்சை எழுத வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று சிக்னல் பிடிக்க வேண்டும். குணசீலன் இரண்டு வருஷம் ஏறாத படியில்லை, பார்க்காத ஆளில்லை. கடைசியில் 'கால்காவல்' என்றொரு திட்டம் அகப்பட்டது. கம்பி இலவசம். ஆனால் அது இணையத்தை மட்டும் கொண்டுவராது, காலடியையும் கேட்கும்.

அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் பெரிய ரகளை. "நாங்க பேசுறதெல்லாம் கேக்குமாக்கும்?" என்று எகிறினார் வெள்ளைச்சாமி. குணசீலனின் தாய்மாமன், ஊராட்சித் தலைவர், அவர் எகிறினால் ஊரே எகிறும்.

"பேச்சுக் கேக்காது மாமா. மண்ணுக்குள்ள கிடக்கிற கண்ணாடி இழையில வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கும். மேல ஒருத்தர் நடந்தா இழை ஒரு மயிரிழை அசையும். அந்த அசைவுல வெளிச்சம் கொஞ்சம் தடுமாறும். அத வச்சு யாரு நடக்குறாங்கன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். ஒவ்வொருத்தர் நடையும் ஒவ்வொரு விதம்."

"சொல்லி?"

"யாராவது ரோட்டுல விழுந்தா ரெண்டே நிமிஷத்துல ஆம்புலன்ஸுக்குத் தகவல் போயிடும். உங்களுக்குச் சக்கரை, ரத்தக்கொதிப்பு, எல்லாம் இருக்கே மாமா."

ஊர் கொல்லென்று சிரித்தது. கம்பி வந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பெரிய திரை வந்து, வாசலில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் உள்ளே போய்விட்டார்கள்.

திட்டத்தின் ஊர்ப் பொறுப்பாளனாகப் பதிவு வேலையையும் குணசீலனே செய்தான். படிவத்தில் ஆளுக்கு இரண்டு கட்டம்: செருப்புடன் பத்தடி, வெறுங்காலுடன் பத்தடி. மேலத்தெருவில் கைப்பிள்ளையைத் தவிர எல்லாரையும் இரண்டு தடவை நடக்கவிட்டான். காலனியில் அவரவர் வாசலில் செருப்போடு மட்டும் நடக்கவிட்டுவிட்டு, இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டான். மறந்து போய் அல்ல. வெறுங்கால் எதற்கு என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே! அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சங்கடம் யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

---

ஐப்பசி மாதம், விடிந்தும் விடியாத நேரம், அடைமழை. கண்மாய் நிறைந்துவிட்டதென்று மடை திறக்கப் போய்க்கொண்டிருந்தார் நீர்பாய்ச்சி அழகுராசா. ஊர் வயலுக்கெல்லாம் அவர் கைதான் தண்ணீர் திருப்பிவிடும். அடிகுழாயில் செருப்பைக் கழற்றித் துண்டில் சுருட்டிக்கொண்டார். மேலத்தெருவில், வெள்ளைச்சாமி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, இடது கால் இழுத்தது. விழுந்தார்.

மழைக்கு யாரும் கோலம் போட வெளியே வரவில்லை. ஐம்பத்து மூன்று நிமிஷம் கிடந்தார். பால்காரர் பார்த்துத்தான் சத்தம் போட்டார்.

ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையும் காலும் தப்பியிருக்கும் என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். குணசீலன் அதைக் கேட்டுவிட்டு நேராக அலுவலகத்துக்கு வந்து அன்றைய பதிவைத் திறந்தான். கம்பி கேட்டிருந்தது. ஒரு நொடிகூடப் பிசகாமல் கேட்டிருந்தது.

'5.38. மேலத்தெரு. கால்நடை. விழுந்தது. நடவடிக்கை தேவையில்லை.'

திரையை அணைத்தான். அணைத்தாலும் அந்த எழுத்து கண்ணுக்குள் நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது என்று சொல்வார்களே, அது வெறும் பேச்சில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மறுநாளே சென்னையிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கால்காவல் ஏன் தவறியது என்று பத்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், காரணத்தோடு.

வெள்ளைச்சாமி அலுவலகத்துக்கே வந்தார்.

"என்ன மாப்ளே எழுதப் போற?"

"தெரியல மாமா."

"இதுல தெரியிறதுக்கு என்ன இருக்கு? சிமென்ட் ரோடுன்னு எழுதிட்டு வேலையப் பாரு. நான் அவன் ஆஸ்பத்திரிச் செலவ ஏத்துக்கிட்டேன். என் வாசல்ல விழுந்துட்டானேன்னு எனக்கும் சோறு எறங்கல." உண்மையாகவே அவர் குரல் கம்மியது. அதுதான் கொடுமை, மனுஷன் நல்லவர். "ஆனா செருப்பு கிருப்புன்னு எழுதி ஊர் பேரக் கெடுத்துராத. யாரும் சொன்னோமா?"

---

ஒன்பதாம் நாள் சாயங்காலம் குணசீலன் காலனிக்குப் போனான். அழகுராசா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டிலில் கிடந்தார். வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. அவர் மனைவி தமிழ்க்கொடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவரை எப்படிக் கூப்பிடுவதென்று குணசீலனுக்குத் தெரியவில்லை. மேலத்தெருவில் அந்த வயதுப் பெண்கள் எல்லாரும் அவனுக்கு அக்கா, அத்தை, மதினி. இங்கே முறையே கிடையாது. முப்பத்தாறு வயதில், பொறந்த ஊரில், ஒரு மனுஷியைக் கூப்பிட வார்த்தையில்லாமல் நின்றான்.

"வந்து... இன்னொரு பதிவு எடுக்கணும். வெறுங்கால்ல பத்தடி. நீங்களும், காலனியில எல்லாரும்."

தமிழ்க்கொடி முறத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கே கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டிருக்கணும்." இத்தோடு நிறுத்திவிட்டு வந்திருக்கலாம். எப்படியோ மீதியும் வாயிலிருந்து வந்துவிட்டது. "கம்பி உங்க வீட்டுக்காரரக் கேட்டுச்சு. விழுந்ததும் அதுக்குத் தெரியும். மாடுன்னு நெனச்சு விட்டிருச்சு. அப்படி நெனைக்கச் சொன்னது நான்தான். போன்ல கேட்டாங்க, தள்ளிடுங்கன்னு சொன்னேன்."

பிறகு கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழகுராசா சிரிக்கிறார் என்று தெரிய குணசீலனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாடு..." என்றார், வார்த்தை வார்த்தையாக, குழறிக்கொண்டு. "மாடு விழுந்திருந்தா... ஊரே... கூடியிருக்கும்."

தலைகுனிந்த குணசீலன் நிமிரவில்லை. தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் வீட்டுக்குள் அதோடு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பதிவு வேணாம் சார்" என்றார் தமிழ்க்கொடி.

"எடுக்கலேன்னா உங்களையும் அதுக்குத் தெரியாதே. மடைக்கு இனி நீங்கதானே போறீங்க?"

"ஆமா. நான்தான் போறேன். அந்த ரெண்டாவது கட்டத்த நீங்க நிரப்பிட்டீங்கன்னா, இங்கன வந்தா இவங்க வெறுங்காலோடதான் வருவாங்கன்னு அது மனப்பாடம் பண்ணிக்கிரும். இத்தன நாளா எழுத்துல இல்லாத வழக்கமா இருந்துச்சு. அதக் கொண்டுபோயி கம்ப்யூட்டர்ல ஏத்திராதீங்க. செருப்போட என்னயத் தெரியும்ல அதுக்கு? நாளைக்குக் காலையில செருப்போடயே வாரேன்."

அவன் பதிவுப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நீங்க தெருவுல நிப்பீங்களா சார்?"

"நான்... ஆபீஸ்ல திரையில பாத்துக்கிட்டே இருப்பேன். ஏதாச்சும் ஒண்ணுன்னா உடனே வந்துருவேன்."

"ஆங்." அவர் முறத்தை எடுத்துக்கொண்டார். "அன்னைக்குக் கம்பியும் பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு."

---

அன்றிரவே அறிக்கையை எழுதினான். பொய் எழுத இரண்டு வார்த்தை போதும். உண்மைக்கு ஒரு பக்கம் ஆனது. அடிகுழாய், செருப்பு, கோடு போட்ட கட்டம், 'தள்ளிடுங்க' என்று தான் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினான். அனுப்பிய கால் மணி நேரத்தில் ஷெரின் கூப்பிட்டாள்.

"படிச்சேன் சார்."

"ம்."

"உங்க ஊர் மட்டும்னு நெனச்சீங்களா?" அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நூத்திப் பதினெட்டு ஊர்ல இதே மாதிரி இடம் இருக்கு. ஒரு ஊர்ல முந்நூறாவது மீட்டர், ஒரு ஊர்ல ஆயிரத்து நூறு. ஒவ்வொரு ஊர்லயும் உங்கள மாதிரி ஒருத்தர்கிட்ட காரணம் கேட்டோம். எல்லாரும் என்ன சொன்னாங்க தெரியுமா?"

குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது.

"சிமென்ட் ரோடு" என்றாள் ஷெரின். "ஒருத்தர் பாக்கியில்லாம. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கூட வச்சுக்கல. போன மாசத்துலேர்ந்து நாங்க கேக்கறதையே நிறுத்திட்டோம். புது ஊர்ல இப்படி வந்தா கம்ப்யூட்டர் தானாவே சிமென்ட் ரோடுன்னு எழுதிக்கிட்டு, ஆளுங்களக் கால்நடையில தள்ளிடுது. நீங்க எல்லாரும் சேர்ந்து அதுக்குக் கத்துக் குடுத்துட்டீங்க சார். நானும் தள்ளித்தானே விட்டேன், நானும்தான்."

போனை வைத்தபின் அவன் தூங்கவில்லை. ஊருக்கு வெளிச்சம் கொண்டுவந்தவன் என்று மாலை போட்ட போட்டோ சுவரில் தொங்கியது. எழுந்து போய் அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினான்.

---

காலை ஐந்தரைக்குத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தான். அலுவலகம் மேலத்தெருவின் மறுகோடியில், எழுநூற்று அறுபதாவது மீட்டரில். கால்நடை வடிகட்டியை ஷெரின் எடுத்துவிட்டிருந்தாள்.

'தமிழ்க்கொடி' என்ற பெயர் திரையில் ஊர்ந்து வந்தது. முந்நூற்று எண்பது. நானூறு. நானூற்றுப் பன்னிரண்டு.

நின்றுவிட்டது.

கழற்றுகிறாரா? கழற்றிவிட்டால் நல்லது, என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆமாம், ஓடியது, மறைப்பானேன்? இன்றைக்கு ஒரு நாள் கழற்றிவிட்டால் வம்பில்லாமல் போகும். அந்த நினைப்பு வந்த அடுத்த நொடியே தன்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

திரையில் மேலத்தெரு நெடுகப் பெயர்கள் முளைத்தன. காலனியில் சொன்னது காற்றில் வந்துவிட்டது போல. வெள்ளைச்சாமி, வாசலுக்கு வந்து நிற்கிறார். எதிர்வீட்டு ராமுத்தாய். பலசரக்குக் கடை சங்கையா. பன்னிரண்டு பேர், பதின்மூன்று பேர். நிற்பது தெரிந்தது. ஏன் நிற்கிறார்கள் என்பது கம்பிக்குத் தெரியாது. தமிழ்க்கொடி இன்னும் அடிகுழாயிலேயே நின்றார்.

குணசீலன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

தெருவே அவனைப் பார்த்தது. முந்நூற்று ஐம்பது மீட்டர்தான். சின்ன வயதில் சக்கரம் உருட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிய தெரு. போகப் போகத் தெரு முடியவே இல்லை. அடிகுழாய்க்குப் பக்கத்தில் கையில் மண்வெட்டியோடு நின்ற தமிழ்க்கொடி அவனை ஏறிட்டார். காலில் நீல ரப்பர் செருப்பு.

"வாங்க, போகலாம்" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

இருவரும் நடந்தார்கள். கூப்பிடுகிற தூரத்தில் அவன் மாமா நின்றார், கையில் காபி டம்ளர்.

"என்ன மாப்ளே, காலங்காத்தால தொணைக்கு வாரியா?"

குணசீலன் அந்த டம்ளரையே பார்த்தபடி அவரைக் கடந்து போனான். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்களின் கண். ராமுத்தாய் 'தூ' என்று வாய் கொப்பளித்தது தற்செயலா, வேண்டுமென்றா என்று தெரியவில்லை. தமிழ்க்கொடி நேரே பார்த்துக்கொண்டு ஒரே சீராக நடந்தார். செருப்புச் சத்தம் சளக் சளக்கென்று தெரு முழுக்கக் கேட்டது. தெரு முடிந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமல் மடைக்குப் போய்விட்டார். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஒன்பது மணிக்கு ஷெரின் கூப்பிட்டாள்.

"அந்தம்மா நானூத்திப் பன்னெண்டத் தாண்டியும் அந்தம்மாவாவே இருந்தாங்க சார். மடை வரைக்கும் பேர் அழியல. இங்க எல்லாரும் நின்னு பாத்தோம்."

"ம்."

"ஆனா ஒரு கோளாறு. நீங்க ஆபீஸ்லேர்ந்து கிளம்பி நானூத்திப் பன்னெண்டுக்குப் போனது தெரியுது. அங்க நீங்க காணாமப் போயிட்டீங்க. அந்தம்மா பக்கத்துல வேற யாரோ ஒருத்தர் நடந்து வந்திருக்கார். பதிவுல இல்லாத காலடி. குட்டி அடி, காலத் தூக்கி வைக்கவே பயந்து பயந்து, ஓரமா ஒதுங்கி ஒதுங்கி... யார் சார் அது? வெறுங்காலா?"

"இல்ல. செருப்புப் போட்டிருந்தாரு."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா? ஊர்லயே முதல் பதிவு உங்களோடது. உங்க நடை கம்ப்யூட்டருக்கு அத்துப்படி. இது வேற ஆளு. நான் என்னன்னு எழுதட்டும்?"

குணசீலன் மேசைக்கு அடியில் தன் கால்களைப் பார்த்தான். மூன்று மணி நேரமாகியும் முழங்காலுக்குக் கீழே நடுக்கம் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் செருப்போடு, அதுவும் சொந்தத் தெருவில்.

"நான்தான்னு எழுதுங்க" என்றான்.